புளிக்க வைத்த இரும்பு

நான் மருமகளாக வந்த முதல் வாரத்தில் வைத்த ரசத்தை என் கணவரின் சித்தப்பா வாசலில் துப்பினார். கோபத்தில் இல்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து, காற்றோடு சேர்த்து 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் இரண்டு பக்கமும் உருட்டி, கதவருகே போய் நீளமாகத் துப்பினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் அடுப்படியில் கரண்டியோடு தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

"நெறம் சரியா இருக்கு மருமகளே. சூடுதான் ஒரு மட்டம் கூடிப்போச்சு."

ரசத்துக்கு நிறம் பார்ப்பார்கள் என்பது எனக்குப் புதிது. தப்பு செய்துவிட்டேனோ என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன். என் கணவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். சித்தப்பா டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். பச்சைக் கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகப் பெட்டியில் வெளியே போவதுவரை அங்கே அவர் சொல்தான் சட்டம். மேசையில் வரிசையாக வைத்த கோப்பைகளை உறிஞ்சி உறிஞ்சித் துப்பி, எது நல்லது எது மட்டம் என்று சொல்வது அவருடைய வேலை. ஓய்வு பெற்றதும் கோப்பைகள் போய்விட்டன. துப்புவது மட்டும் தங்கிவிட்டது.

ஊரில் எல்லோருக்கும் அவர் டீமேக்கர் ஐயா. எனக்கு மாமா. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மனைவி இறந்த பிறகு எங்களோடு, நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் இந்த வீட்டில், ஒரு மஃப்ளர், ஒரு கோட், ஒரு குடை ஆகியவற்றோடு வந்து தங்கினார். கூடவே அபிப்பிராயங்களும் வந்தன.

உலகத்தில் தேயிலை அல்லாத பொருள் ஒன்று இருப்பதையே அவர் ஏற்றுக்கொண்டதில்லை. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் போனதும், "வாசன இருக்கு, சாயம் எறங்காது" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பற்றி, "எல பாக்க அழகா சுருண்டிருக்கு. தண்ணில போட்டாத்தான் தெரியும்" என்றார். பெண்ணின் அம்மா அந்தச் சம்பந்தத்தையே தட்டிக்கழித்துவிட்டார். அந்த மாப்பிள்ளை இப்போது வட்டகொடையில் கடை வைத்து நன்றாக இருக்கிறார். பெண்தான் இன்னும் வீட்டில் இருக்கிறாள். இதை நான் மாமாவிடம் ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நான் வேணாமுன்னு சொன்னேனா? தண்ணில போட்டாத் தெரியும்னுதானே சொன்னேன்" என்றார். அதுவும் உண்மைதான். அவர் சொன்னதில் எப்போதும் ஒரு சொல் அவர் பக்கம் நிற்கும்.

எனக்கு மகள் பிறந்தபோது அவர் தொட்டிலில் குனிந்து உச்சந்தலையை முகர்ந்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "அடடா! என்ன நெறம்! பொன்னு மாதிரி பளிச்சுன்னு இருக்கு" என்றார். குழந்தையின் கண்ணின் வெள்ளைகூட அன்று பொன்னாகத்தான் இருந்தது. பெரியவர் சந்தோஷமாகச் சொல்லும்போது மஞ்சள் காமாலை என்று வாயைத் திறப்பதா? திறக்காமல் இருப்பதா? புடவை கட்டினேன், திரும்ப வீட்டு உடுப்பைப் போட்டேன், திரும்பவும் புடவை கட்டினேன். கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். பார்க்க வந்த மாமா விளக்கையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நல்லா காய வச்சிருக்காங்க. இப்ப பாரு, சரக்கு எறங்கிருச்சு. நான் சொன்ன மாதிரிதான்."

அவர் சொன்னது எதுவுமே அப்படி இல்லை. ஆனாலும் நர்ஸ் அவருக்கு நாற்காலி போட்டார்.

பொருள் தட்டுப்பாடு வந்த காலத்தில்தான் அவருடைய இரண்டாவது தொழில் ஆரம்பமானது. என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். சக்கரத்துக்குள் இருக்கிற இரும்புச் சட்டியின் உள்பக்கத்தில் போய் அழுந்தி வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூ ஹட்டன் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வந்தால் மட்டச் சரக்கு. மலை இறக்கத்தில் அதைப் போட்டு ஓட்ட என் கணவருக்குத் தைரியமில்லை. ஆட்டோ பல நாள் வாசலில் நனைந்துகொண்டு நின்றது.

அப்போது மாமா தொலைபேசியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"டேய், இரும்புப் பொடியும் பீங்கான் பொடியும் கலந்து, அமுக்கி, சூட்டுல வச்சா ஒரு கல்லு மாதிரி ஆகுதுடா. ஏரோப்பிளேன் பிரேக்குக்கே அதத்தான் போடுறானுங்க. இரும்பு புடிச்சுக்கும். பீங்கான் சூடு தாங்கும், தேயாது. புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"யாரு சித்தப்பா இரும்பு, யாரு பீங்கான்?" என்றார் என் கணவர்.

"அத ஒம் பொண்டாட்டிகிட்ட கேளு."

வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கோழிக்கூடு உலையானது. தேயிலை இலையை நசுக்கும் உருளைகளுக்குப் பல் தீட்டிக் கொடுக்கிற லேத் பட்டறையிலிருந்து இரும்புச் சீவல் வந்தது. ஒட்டுவதற்குப் பித்தளைப் பொடி வேண்டும் என்று உடைந்த குத்துவிளக்கு ஒன்றை அரத்தால் ராவினார்கள். தேய்ந்துபோன டோர்ச் பற்றரிக்குள் இருக்கிற கரிக்குச்சியை இடித்துச் சேர்த்தார்கள். பீங்கானுக்கு வழி எளிதாகக் கிடைத்தது. நோர்வூட்டில் யார் வீட்டில் கழிப்பறைக் கொமட் உடைந்தாலும் எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் மாமா. உடைவது இவ்வளவு சாதாரணம் என்று எனக்குத் தெரியாது. விசேஷ வீட்டுக்கு முன்கூட்டியே வந்த உறவினர்களைப் போல அவை எங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பொடியாக்கும் முன் அவற்றைக் கழுவியது நான். ப்ளீச் போட்டு, தேய்த்து, வெயில் வரும்போது காயவைத்து. பெண் பார்க்க வந்தபோது இவர்கள் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

பொடியைத் தொழிற்சாலையில் கழித்துவிட்ட தேயிலைச் சல்லடையில் சலித்தார்கள். அச்சில் கொட்டி லொறி ஜாக்கியால் அமுக்கினார்கள். மாத்திரை போன்ற கனத்த வில்லைகள் வந்தன. அவற்றை இரும்புப் பெட்டியில் கரித்தூளுக்குள் புதைத்து, உலையில் வைத்து, ஊதுகுழாயால் காற்றடித்துச் செக்கச் சிவக்கச் சுட்டார்கள். ஆறியதும் வில்லைகளைப் பழைய பிரேக் ஷூவில் தறைந்து பொருத்தினார் என் கணவர். நான் வேண்டாத தெய்வம் இல்லை. முதலில் ஆளில்லாமல் தள்ளிப் பார்த்து, பிறகு தட்டையான பாதையில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் இறக்கத்தில் விட்டார்.

வண்டி நின்றது. உண்மையாகவே நின்றது. தேய்வும் குறைவாக இருந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. பழைய இரும்புக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கே வந்து, "ஐயா, அடுத்தது எனக்குத்தான் தரோணும், வேற கடைக்குக் குடுத்திராதீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேறு யாராக இருந்தாலும் இதோடு திருப்திப்பட்டிருப்பார்கள். மாமா முகத்தைச் சுளித்தார்.

"அவசரச் சரக்குடா அது. பச்ச. அரச்ச ஒடனே யாராச்சும் நேரா சூட்டுல போடுவானா? நடுவுல புளிக்க வேணாமா? புளிக்காதது தேயிலையா? என் பேருக்கே கேவலம்."

தேயிலைக்கு அது சரி. அரைத்த கொழுந்தை ஈரக் காற்றுள்ள அறையில் பரப்பி வைப்பார்கள். பச்சை மெல்ல மெல்ல மாறிப் புதுச் செம்புக் காசு போலச் சிவக்கும். அந்த நிறம் வந்த கணத்தைப் பிடிப்பதில்தான் டீமேக்கரின் பெருமையே இருக்கிறது. மாமா கோழிக்கூட்டின் தரையில் வெள்ளை ஓடுகளைப் பதித்தார். அதன்மேல் இரும்பும் பீங்கானும் கலந்த பொடியை விரல் கனத்துக்குப் பரப்பினார். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். மிச்சத்தை மூடுபனி செய்தது. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

விடிந்ததும் எங்களைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"வாங்க, வாங்க, வந்து பாருங்க! நெறம் வந்துருச்சு!"

பொடி முழுவதும் செம்பு நிறத்தில் இருந்தது. மாமா குனிந்து ஒரு சிட்டிகையை மூக்கருகே கொண்டுபோனார். கண்கள் கலங்கியிருந்தன. "ஃபெக்டரில கூட இப்புடி ஒரு நெறம் எனக்கு லேசுல அமஞ்சதில்ல" என்றார். அதற்குள் என் மகள் நுழைந்து இரண்டு கையையும் பொடியில் வைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அந்தக் கறை எதற்கும் போகவில்லை. போகாது. துருக்கறை.

நான் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவள். அதில் 'எஸ்' எடுத்தவள், அதாவது தோற்காமல் தப்பியவள். துருவைத் துரு என்று சொல்ல 'எஸ்' போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் கணவரிடம் கேட்டேன்.

"ஏங்க, அது துருதானே?"

"சித்தப்பாவுக்குத் தெரியாததா?"

"தேயிலைதானே அவருக்குத் தெரியும்?"

"நீ சும்மா இரு. மொதத் தடவ நின்னுச்சா இல்லயா?"

நின்றது. முதல் தடவை அவசரத்தில் காய்ந்த பொடியைப் போட்டதால்தான் நின்றது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பது ஒரு பதிலா? துணி துவைக்கும்போது சரி என்று பட்டது. காயப்போடும்போது சந்தேகம் வந்தது. துணியை எடுக்கும்போது மாமாவிடமே கேட்டுவிடலாம் என்று போனேன்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஈரம் பட்டா இரும்பு துருப் புடிக்குமில்ல? துருப் புடிச்ச பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதுன்னு படிச்ச ஞாபகம். சூட்டுல உள்ளுக்குள்ள ஓட்ட விழுந்துருமோன்னு…"

"எங்க படிச்ச?"

"ஹட்டன்ல."

"அந்தப் புஸ்தகத்த எழுதுனவன் எந்த ஊரு?"

"தெரியல மாமா."

"மூடுபனியப் பாத்திருப்பானா?"

நான் துணிகளை அள்ளிக்கொண்டு திரும்பினேன். பின்னாலிருந்து அவர் என் கணவரிடம் சொன்னது கேட்டது. "கெட்டிக்காரப் பொண்ணுதான்டா. கொஞ்சம் வாட்டம் பத்தல, கொழுந்து இன்னும் தொவளல."

அந்தச் சிவப்புப் பொடியையும் அமுக்கிச் சுட்டார்கள். கரிக்குள்ளிருந்து எடுத்தபோது பழைய வில்லைகளைப் போலவே கறுப்பாக, அழகாக இருந்தன. கொஞ்சம் உப்பியிருந்தனவோ என்று பட்டது. யாரும் இல்லாதபோது ஒன்றை எடுத்து, சந்தையில் சட்டி வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதுபோல விரலால் சுண்டினேன். பழையது 'ணிங்' என்றது. புதியது 'தொப்' என்றது. அதையும் போய்ச் சொன்னேன்.

"சத்தத்தக் கேட்டு யாராச்சும் தேயில வாங்குவாங்களாம்மா?" என்றார் மாமா. என் கணவரும் சிரித்தார்.

மறுநாள் காலையில் பழைய வில்லைகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினார் என் கணவர். அந்த ஆட்டோவில்தான் என் மகளும் மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளும் முன்பள்ளிக்குப் போகிறார்கள். வழி முழுக்க இறக்கம். ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் ஒன்றுமில்லை.

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் போத்தலை அவளே கொண்டுபோய்ப் பின் சீட்டில் அவள் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். இன்றைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லலாம். நாளைக்கு? மற்றப் பிள்ளைகளுக்கு? மாமா வாசலில் கோப்பையும் கையுமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். துப்பினார். அவர் துப்புகிறார், விழுங்குவதெல்லாம் நாங்கள் என்று அப்போது எனக்குச் சட்டென்று பட்டது. சீப்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"மாமா, ஃபெக்டரில நீங்க டேஸ்ட் பண்ணாம ஒரு பெட்டியாச்சும் வெளிய போயிருக்கா?"

"என் சர்வீஸுல இல்ல."

"அப்ப இதயும் மொதல்ல நீங்களே டேஸ்ட் பண்ணுங்க. புள்ளைங்க ஏறுறதுக்கு முன்னாடி நீங்க ஏறுங்க."

என் கணவர் சக்கரத்தருகே குந்தியிருந்தவர் தலையைத் தூக்கினார். நான் எதிர்பார்த்தது ஒன்றுதான். மாமாவுக்கு இடுப்பு வலி வரும், அல்லது ராகுகாலம் வரும். அந்தச் சாக்கை என் கணவர் பார்ப்பார். பார்த்ததும் வில்லைகளைக் கழற்றுவார்.

"நியாயம்தானே" என்றார் மாமா. உள்ளே போனார். கோட்டைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்து, பின் சீட்டின் நடுவில், தொழிற்சாலையைப் பார்வையிடப் போகிறவரைப் போல உட்கார்ந்தார். "எட்றா வண்டிய."

அவர் ஏறிய பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இவ்வளவு நாளும் அவர் கதை அளக்கிறார் என்று நினைத்திருந்தேன். அளக்கிறவர் தன் உயிரைக் கொண்டுபோய் வைக்க மாட்டார். இவர் நம்புகிறார். அளக்கிறவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். இப்படி முழு மனதோடு நம்புகிறவரிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது? அதோடு ஓட்டப்போவது என் கணவர். நானே அனுப்புகிறேன்.

"ஏங்க, கீழ போகாதீங்க! கோயிலுக்கு முன்னாடி மட்டும் ஓட்டுங்க!" என்று கத்தினேன்.

கோயிலுக்கு முன்னால் பாதை கொஞ்சம் இறங்கி, உடனே தேயிலை மேட்டில் போய் முட்டும். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, மெதுவாத்தான் போறேன்" என்றார். நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

முதல் அழுத்தலுக்கு வண்டி நின்றது. மாமா பக்கவாட்டில் தலையை நீட்டி எனக்குக் கையசைத்தார். எனக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருந்தது. தொடர்ந்து வண்டி இறக்கத்தில் திரும்பியது. என் கணவர் மறுபடி அழுத்தினார். பொட்டுக்கடலையை மெல்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. வண்டி நிற்கவில்லை. அவசரமே இல்லாமல் உருண்டு போய்த் தேயிலைச் செடிகளுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. குடை மட்டும் வெளியே வந்து விழுந்தது.

இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் இறங்கிப் பின் சக்கரத்தைக் கழற்றினார். நட்டுக் கழற்றும் சாவி இரண்டு தரம் கீழே விழுந்தது. சட்டியைத் திறந்ததும் வில்லைகள் இல்லை. செம்மண்ணும் கரியும் கலந்தது போன்ற பொடி அவர் செருப்பின்மேல் கொட்டியது.

மாமா கோட்டிலிருந்து இலைகளைத் தட்டிவிட்டுக் குனிந்தார். பொடியை ஒரு சிட்டிகை எடுத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சி, செடிகளின் பக்கம் துப்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"புளிப்பு கொஞ்சம் ஏறிப்போச்சுடா. அடுத்த தடவ சாக்க முன்னாடியே எடுத்துரணும்."

"அடுத்த தடவ இல்ல சித்தப்பா." என் கணவர் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இனிமே என் வண்டிக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஏண்டா? ஒரு சரக்கு பழுதாப் போச்சுன்னா ஃபெக்டரிய மூடிருவாங்களா?"

"அந்தச் சரக்குமேல எம்புள்ள ஒக்காந்திருக்கும் சித்தப்பா."

மாமா வண்டிக்குள் பார்த்தார். சீட்டுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தல் உருண்டு கிடந்தது. எடுத்துத் துடைத்து என் மகளிடம் கொடுத்தார். நிறம், மணம், சூடு என்று எதுவும் சொல்லவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏற்றத்தில் நடந்து போனார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த மரியாதை அந்த மௌனம்தான். அது சாயங்காலம்வரை நீடித்தது.

சாயங்காலம் இரும்புக் கடை நானா விசாரிக்க வந்தார். அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது.

"என்ன ஐயா, சாமான் சரிவரல்லயாமே?"

"சாமான் நல்ல சாமான் நானா. மருமக கொமட்ட ப்ளீச் போட்டுக் கழுவிட்டா. அதுல பீங்கானோட சத்தே போயிருச்சு. படிச்ச புள்ள, நாம என்ன சொல்றது?"

நானா என் பக்கம் இரக்கமாகப் பார்த்துவிட்டுப் போனார். ப்ளீச் பீங்கானை ஒன்றும் செய்யாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தாலும் அன்றைக்குப் படுக்கும்போது ஒரு நிமிஷம், ஒருவேளை அதுதானோ என்று நினைத்தேன்.

அடுத்த நாள் என் கணவர் வெள்ளை ஓடுகளைப் பெயர்த்தார். கோழிக்கூட்டுக்குக் கோழிகள் திரும்பின. முதல் தடவை செய்த வில்லைகளைத் திரும்பப் பொருத்தினாலும் இறக்கத்தில் விட அவருக்கு மனம் வரவில்லை, வண்டி தட்டையான பாதையில் மட்டும் ஓடியது. கடைகளில் நல்ல ஷூ வரும்வரை பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போனேன். மாமா சில மாதங்கள் கழித்துக் கொழும்பில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே காற்று சரியில்லை, எதுவும் புளிக்காது என்று தொலைபேசியில் சொன்னார். போன வருஷம் அங்கேயே காலமானார். செய்தி வந்தபோது நான் அழுதேன். ஏன் அழுதேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நேற்று ரசத்தைக் கரண்டியில் எடுத்து 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சினாள். வாசலுக்குப் போய்த் துப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நெறம் சரியா இருக்கும்மா."

நான் இன்னொரு கரண்டி எடுத்து அவள் வாயருகே நீட்டினேன்.

"முழுங்கு. முழுங்கிட்டுச் சொல்லு."